சிறு குழந்தைகளுடன் ஐரோப்பாவில் கூடாரப் பயணம்: காட்பாடித் தங்கைக்குச் சத்துவாச்சாரியிலிருந்து

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் காட்பாடியிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை வயது. ஆகஸ்ட்டில் மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும் என்பதால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் ஆகிய ஆறு ஊர்களையும் காரில் பார்த்துவிடலாம் என்று என் கணவர் அட்டவணை போட்டிருக்கிறார். ஹோட்டல் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. கூடாரம் போட்டுத் தங்கினால் செலவு பாதிகூட ஆகாது என்று அவருடைய அலுவலகத்தில் சொல்கிறார்களாம். எங்கள் வீட்டில் யாரும் கூடாரத்தைத் தொட்டதுகூட இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு, கூடாரம் நடக்கிற காரியம்தான். அந்த அட்டவணைதான் நடக்காது. நாங்கள் 2016 முதல் 2023 வரை அதே ஸ்டுட்கார்ட் பக்கத்தில் குடியிருந்தோம். பெரியவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது தொடங்கி, ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு கோடையிலும் கூடாரத்தில்தான் தங்கினோம். முதல் ஆண்டு நாங்களும் உன் கணவரைப் போலவே பத்து நாளில் ஐந்து ஊர் என்று கிளம்பினோம். கூடாரத்தை எழுப்ப ஒன்றரை மணி நேரம், பிரித்துச் சுருட்டி வண்டியில் ஏற்ற இன்னொரு ஒன்றரை மணி நேரம், நடுவில் குழந்தைக்குச் சோறு, தூக்கம், அழுகை என்று ஒவ்வொரு நாளும் கரைந்துபோனது. மழையில் நனைந்த துணியை ஈரத்தோடு சுருட்டியதால் நான்காம் நாள் பூசண வாடை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒரே ஏரிக்கரையில் ஆறு இரவு தங்கினோம். மூன்றாம் நாள் காலையில் பையன் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையுடன் வாத்துக்கு ரொட்டி போடப் புறப்பட்டுவிட்டான். அதன்பிறகு ஐந்து இரவுக்குக் குறைவாக நாங்கள் எங்கும் கூடாரம் போடவில்லை.

முதலில் உன் கணவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் மட்டுமே வண்டி ஓட்டலாம். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேறி அந்நாட்டு உரிமம் வாங்கியாக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத முடியும். உங்களுக்கு நான்கு மாதம் கழிந்துவிட்டதால், ஆகஸ்ட்டில் பழைய உரிமத்தோடு காரை எடுத்தால் அது உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றமாகவே கருதப்படும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் முழுதாகக் கைகொடுக்காது. எனவே இந்தக் கோடையில் ரயிலை நம்பித் திட்டமிடுங்கள். ஜெர்மனியில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ரயில் கட்டணம் இல்லை என்பதால், பயணச்சீட்டு உங்கள் இருவருக்கும் மட்டுமே. பல முகாம்களில் முன்பே எழுப்பி வைத்த கூடாரத்தை வாடகைக்குத் தருகிறார்கள். முதல் தடவை அப்படித் தங்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் பொருள்களை வாங்கலாம். நாங்கள் முதலிலேயே கடையில் காட்டியதையெல்லாம் வாங்கிப் பாதியைப் பயன்படுத்தவே இல்லை.

இடம் கேட்டால், தயங்காமல் போடன்சே ஏரி என்று சொல்வேன். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் அந்த ஒரே ஏரியின் கரையில் இருப்பதால் கூடாரத்தை அசைக்காமலேயே மூன்று நாடுகளில் காலெடுத்து வைக்கலாம். உண்டர்உல்டிங்கன் என்ற சிற்றூரில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீருக்குள் கம்பம் நட்டு அதன்மேல் மக்கள் கட்டிய வீடுகளைப் போலவே மீண்டும் கட்டி, 1922 முதல் திறந்தவெளிக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள அத்தகைய குடியிருப்புச் சின்னங்களை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏரியிலிருந்து வெளியேறும் ரைன் ஆறு, சுவிஸ் பக்கம் ஷாஃப்ஹவுசன் அருகில் 150 மீட்டர் அகலத்தில் 23 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த என் அப்பா, அங்கே வந்திருந்தபோது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அரைமணி நேரம் பேசாமல் நின்றார். போகலாம் என்று நான் கூப்பிட்டதற்கு, “இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா” என்றார்.

எல்லை தாண்டும் நாளில் நான்கு பேருடைய பாஸ்போர்ட்டுகளும் குடியிருப்பு அட்டைகளும் அசலாகக் கையில் இருக்கட்டும்; நகல் போதாது. அந்த அட்டை இருந்தால் ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளில் மற்றவற்றுக்கு, 180 நாளில் 90 நாள்வரை, தனி விசா இல்லாமல் போய்வரலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் சேராதவை. உன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை என்றாலும், இந்தியக் குடிமக்களுக்கு அது சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் செல்லாது. ஒருநாள் போய்வருவதானாலும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள். கைப்பேசி இன்னொரு தொல்லை. ஜெர்மன் கரையில் இருக்கும்போதே அது எதிர்க்கரையின் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்த ஒரு மாலைக்கு எங்களுக்கு வந்த பில்லை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஏரிப் பக்கம் போனதும் ரோமிங்கை அணைத்துவிடு.

இனிக் குளிர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூர்க்காரர்கள் தவறுவது இதில்தான். அக்னி நட்சத்திரத்தில் நாம் என்ன செய்வோம்? சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, இரவில் பாய் விரித்து, தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறட்டும் என்று படுப்போம். அதே பழக்கத்தில் நான் முதல் ஆண்டு காற்றுமெத்தையை ஊதி, அதன்மேல் ஒரு போர்வையை மட்டும் விரித்தேன். மலையடிவாரம், ஆகஸ்ட் மாதம், பகலில் 27 டிகிரி. இரவு இரண்டு மணிக்குப் பையன் முனகினான். தொட்டுப் பார்த்தால் கைவிரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. வெளியே 6 டிகிரி. அவனை என் ஸ்வெட்டருக்குள் விட்டு மார்போடு அணைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தே விடியவைத்தேன். காற்றுமெத்தைக்குள் இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்பின் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். நுரைப் பாயோ, உள்ளே பஞ்சடைத்த மெத்தையோ கட்டாயம் வேண்டும். தூங்கும் பையின் அட்டையில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். கடைசியில் உள்ள மிகக் குறைந்த எண், உயிர் பிழைக்கலாம் என்பதற்கான எல்லையே தவிர, தூங்கலாம் என்பதற்கானது அன்று. முதலில் இருக்கும் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பார்த்து, அது 5 டிகிரியை ஒட்டி இருக்கும்படி வாங்கு. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பெரியவர்களுடைய பையில் படுக்கவைக்காதே. தலை உள்ளே நழுவினால் மூச்சு முட்டும். கைப்பகுதி உள்ள குழந்தைத் தூங்குபையும், உள்ளே இரண்டு அடுக்குப் பருத்தி அல்லது கம்பளி உடையும் போதும்.

குளிருகிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அடுத்தது உண்ணி. நம் பக்கம் மாட்டின் காதில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். அங்கே புல்லிலும் புதரிலும் காத்திருந்து மனிதர்மேல் ஏறுகிறது. நீங்கள் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் பெரும்பாலும் எஃப்.எஸ்.எம்.இ. என்ற மூளைக்காய்ச்சல் பரவும் பகுதி. அந்த நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் தனி அளவில் போடுகிறார்கள். வழக்கமான முறையில் முதல் இரண்டு ஊசிகளுக்கும் இடையே 1 முதல் 3 மாதம் ஆகும் என்பதால் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே கேள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான போரெலியோசிஸுக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். கடித்த இடத்தைச் சுற்றி நாளாக ஆகப் பெரிதாகும் வளையம் அதன் அடையாளம். நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போனதுபோல் தெரியலாம். அந்தக் கிருமி உடம்பில் இறங்கப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும் என்பதால், தினமும் மாலை குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று ஓரிடம் விடாமல் தேடு. கண்டால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்துவிடு. எண்ணெய், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு என்று எதையும் தடவாதே. உண்ணி திணறும்போதுதான் கிருமியை உள்ளே கக்கும். என் மாமியார் அன்போடு தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தபோது நான் தடுக்க வேண்டியிருந்தது.

சமையலுக்குக் கவலைப்பட வேண்டாம். புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் ஊரிலிருந்து கொண்டுபோகலாம். நெய்யும் பால் இனிப்பும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால், ஆற்காட்டு மக்கன் பேடாவை ஊருக்கு வரும்போது சாப்பிட்டுக்கொள். முகாமில் மின்சாரத்துக்குப் பணம் கட்டும்போது எத்தனை ஆம்பியர் என்று கேள். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட்டுக்குமேல் தாங்காது. நாங்கள் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் இணைப்பு விழுந்துவிட்டது. மின்பெட்டிக்குப் பூட்டு, அலுவலகமோ மூடியாயிற்று, காலைவரை இருட்டு. கேஸ் என்றால், பியூட்டேன் மட்டும் உள்ள குப்பி 0 டிகிரியை நெருங்கும்போதே எரிய மறுக்கும். புரோப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்கு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை கிடையாது. அரிசி, பால், டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடு. பல முகாம்களில் பகல் 1 மணி முதல் 3 மணிவரை ஓய்வுநேரம் என்று வாயிற்கட்டையை இறக்கிவிடுவார்கள். இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. குக்கர் விசிலை அதற்குள் முடித்துக்கொள். கழிப்பறைக்கு ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போ.

காற்றையும் சொல்ல வேண்டும். போடன்சே கரையில் செம்மஞ்சள் விளக்குகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள்; 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை, தண்ணீரில் இருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும். அந்நேரம் கூடாரத்தின் இழுகயிறுகளை எல்லாம் கட்டி, முளைகளைத் தலைவரை அடித்துவிட வேண்டும். கூடாரத்தோடு தரும் மெல்லிய அலுமினிய முளைகள் சரளைத் தரையில் வளைந்துவிடும். இடி நெருங்கினால் கூடாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கட்டடத்துக்குள் போய்விடு. ஏரியைச் சுற்றியுள்ள மூன்று நாடுகளிலும் அவசர எண் 112.

மகள் பள்ளியில் சேர இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. சேர்ந்துவிட்டால் விடுமுறை தவிர மற்ற நாளில் கூட்டிப்போக முடியாது, அபராதம் விதிப்பார்கள். அதுவரை, முடிந்தால் ஆகஸ்ட்டை விட்டு ஜூன் பிற்பகுதியில் விடுப்பு எடுங்கள். இடமும் கிடைக்கும், வாடகையும் குறைவு.

மீண்டும் கேள்வி:

மிக்க நன்றி அக்கா. அட்டவணையைக் கைவிட்டு, ஜூன் பிற்பகுதியில் ஏரிக்கரையில் ஆறு இரவுகள் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம் மட்டும். ஜூன் மாதம் என் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அவரைத் தனியே வீட்டில் விட்டுப்போக மனமில்லை.

பதில்:

கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் தரையில் படுக்கவைக்காதீர்கள். இரவில் இரண்டுமுறை எழுந்து குனிந்து வெளியேறிக் கழிப்பறைவரை நடப்பது அவரால் ஆகாது. பெரிய முகாம்களில் கட்டிலும் கழிப்பறையும் உள்ள மொபைல் ஹோம் கிடைக்கும். அதில் அவரும் பேத்தியும் இருக்கட்டும், அருகிலேயே கூடாரத்தில் நீங்கள் மூவரும் இருங்கள். அவருடைய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். அந்தக் காகிதத்தைப் பயணத்தில் கூடவே வைத்திருங்கள். விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் அவரோடு ஷெங்கன் எல்லைக்கு வெளியே காலெடுத்து வைக்காதீர்கள், திரும்ப நுழைய முடியாது. சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருப்பதால் ரைன் அருவிக்குத் தடையில்லை.

கார் உரிமம் வந்தபிறகு ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலைக்குப் போகலாம். நம் ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. 1935-இல் திறந்த அந்தச் சாலையில் 36, ஏறுவது 2504 மீட்டர்வரை. பையனுக்கு மூன்று வயதாகட்டும், அவசரமில்லை.

எங்கள் கூடாரம் இங்கே பரணில் சும்மாதான் கிடக்கிறது. நேற்று மாடியில் விரித்து வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். ஒரு தையல் மட்டும் விட்டிருந்தது, அதை ஒட்டிவிட்டேன். கூடாரம் 9 கிலோ இருக்கிறது, 20 எஃகு முளைகளும் உண்டு. உன் மாமியார் புறப்படுவதற்கு முன் காட்பாடி வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன். முளைகளைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் சொல்லி வை.