கப்பலில் குடியும் போதையும்: நேரில் கண்டவை

இரண்டாம் அதிகாரி, சரக்குக் கப்பல்:

நள்ளிரவு 12 முதல் 4 வரை என் வாட்ச், அதாவது கப்பலைக் கண்காணித்துச் செலுத்தும் பணிமுறை. என்னை விடுவிக்க வந்த சீஃப் ஆபிசர் பிரிட்ஜுக்குள் (கப்பலைச் செலுத்தும் அறை) நுழைந்ததுமே புதினா மிட்டாய் வாசனை. அதையும் மீறிக்கொண்டு ரம் நெடி. வரைபடத்தைப் பார்க்கக் குனிந்தவர், மேசை விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "சார், கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேப்டனை எழுப்பினேன். பொறுப்பேற்க வருபவர் நிதானத்தில் இல்லை என்று பட்டால் வாட்சை ஒப்படைக்கக் கூடாது, கேப்டனிடம் சொல்ல வேண்டும் என்பது எஸ்.டி.சி.டபிள்யூ. விதி, அதாவது கடலோடிகளின் பயிற்சிக்கும் வாட்ச் பணிக்குமான சர்வதேச உடன்படிக்கையின் விதி. அதற்குப் பிறகு, ஒப்பந்தம் முடியும்வரை சாப்பாட்டு மேசையில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். இருக்கட்டும்.

2015 பிப்ரவரியில் 'லிஸ்பிளிங்க் சீவேஸ்' என்ற கப்பல் ஸ்காட்லாந்தின் கில்கோவன் அருகே நள்ளிரவு தாண்டி முழு வேகத்தில் பாறைக் கரையில் ஏறியது. தனியாக வாட்சில் இருந்த அதிகாரி அரை லிட்டர் ரம் குடித்திருந்தார். கண்ணயர்ந்தால் எழுப்பும் அலாரத்தை யாரும் இயக்கி வைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கப்பலில் மதுவுக்கே தடை!

பம்ப்மேன், எண்ணெய்க் கப்பல்:

எங்கள் கப்பலில் கரைக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பிய மாலுமி ஒருவன் கேங்வேயின் (கப்பலேறும் படிப்பாலம்) பாதியில் கால் இடறி, கீழே கட்டியிருந்த வலையில் விழுந்தான். அவனுடைய ஒரு செருப்பு மட்டும் கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே மிதந்தது. வலையைச் சரியாகக் கட்டச் சொல்லிப் போசன் (மாலுமிகளின் தலைவர்) கத்தும்போதெல்லாம் சிரித்தவர்கள் நாங்கள்தான்.

ஓய்வுபெற்ற கேப்டன்:

இரண்டாம் அதிகாரித் தம்பி செய்ததுதான் முறை. பணியில் இருக்கும் கடலோடிக்கு ரத்தத்தில் மது 0.05 சதவீதம், மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், இதுதான் 2012 முதல் உலகளாவிய உச்சவரம்பு. அமெரிக்காவில் 0.04 சதவீதம். அங்கே பெரிய விபத்து நேர்ந்தால் 2 மணி நேரத்துக்குள் மதுச் சோதனை, 32 மணி நேரத்துக்குள் போதைப்பொருள் சோதனை. குடிக்காதவனும் தப்ப முடியாது.

புதிதாகக் கப்பலேறும் பிள்ளைகளே, அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. தின்றாலும் சிறுநீர்ச் சோதனையில் மார்பின் என்ற போதைப்பொருள் காட்டக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான்.