குளிர் பிளாஸ்மாவுக்குச் ‘சுடா அயனிவளி’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

புண்ணுக்குச் சிகிச்சையாகக் காட்டும் குளிர் பிளாஸ்மாவுக்கு, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கலந்த வாயுவுக்கு, நீங்கள் சொன்ன தமிழ்ச்சொல் ‘குளிர் மின்மம்’ முதலில் எனக்குப் பிடித்திருந்தது. நோயாளிகளுக்கான கையேட்டில் போட்டு என் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் காலில் சர்க்கரைப் புண், பல மாதமாக ஆறவில்லை. கேட்டு முடித்ததும், “புண்ணில் குளிர்ச்சி பட்டால் ஆகாதே” என்றார். சரி, ‘பிளாஸ்மா’ என்றே மாற்றி வாசித்தேன். “யார் ரத்தத்தை ஏற்றுவார்கள்?” என்று கேட்டார். 2020-இல் கொரோனாவிலிருந்து மீண்டவர்களைப் பிளாஸ்மா கொடுக்கச் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது.

அத்தை குழம்பியதில் வியப்பில்லை. 1928-இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் இந்த வாயுவுக்குப் ‘பிளாஸ்மா’ என்று பெயர் வைத்தபோதே ரத்தப் பிளாஸ்மாதான் அவர் மனத்தில் இருந்தது என்று உடன் வேலை பார்த்தவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அது ரத்த அணுக்களைச் சுமப்பதுபோல இது எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமக்கிறது என்ற ஒப்புமை. இயற்பியல் வகுப்பில் இந்த இரட்டைப் பொருள் உறுத்தாது, மருத்துவமனையில் உறுத்தும். ‘மின்மம்’ என்பதையோ சிலர் மின்னூட்டத்துக்கு எழுதிவருகிறார்கள். அதனால் ‘அயனிவளி’ என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

அடுத்து, ‘குளிர்’. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவாகி 2013-இல் ஐரோப்பிய மருத்துவக் கருவியாக அனுமதி பெற்ற கின்பென் மெட் என்ற குளிர் பிளாஸ்மாக் கருவி ஒரு தடித்த பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஆர்கான் பாயும். உயர் அதிர்வெண் மின்னழுத்தம் அதை அயனியாக்க, முனையில் ஊதா நிறத்தில் சிறு சுடர் நீளும். அதில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை பல ஆயிரம் பாகை. ஆனால் அவை மிக இலேசானவை, கனமான ஆர்கான் அணுக்களைச் சூடாக்கப் போதாது. அதனால் தோலில் படும்போது இளஞ்சூடுதான், ஏறக்குறைய உடல் சூடு. சுடர் காற்றோடு கலந்து உண்டாக்கும் வீரியமான ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள்தான் கிருமிகளைக் கொல்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளும் இதில் சாகின்றன.

ஆக, இது குளிர்வதில்லை, சுடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். எண்டோஸ்கோப்பி வழியாக ஆர்கான் பிளாஸ்மாவைச் செலுத்தி ரத்தக்கசிவைத் தீய்த்து நிறுத்தும் முறை 1990-களிலிருந்தே இருக்கிறது. அது சுடும். இரண்டையும் பிரித்துக் காட்ட நம்மிடம் அழகான வழி இருக்கிறது: வாடாமல்லி, செல்லாக்காசு. அந்த வாய்பாட்டில் ‘சுடா அயனிவளி’. பேச்சில் ‘சுடாத’ என்று நீட்டினாலும் பொருள் கெடாது. ‘சுடா’வின் ஆகாரமும் ‘அயனிவளி’யின் அகரமும் மோதுவது உண்மைதான். ‘சுடாவயனிவளி’ என்று புணர்த்தினால் யாருக்கும் விளங்காது, பிரித்தே எழுதுவோம்.

கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கிறது: அயனிவளித் தாரை, அயனிவளிச் சிகிச்சை. கையேட்டு வாக்கியம் இப்போது இப்படி: “சுடா அயனிவளித் தாரையைப் புண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துவார்கள்.” அத்தையிடம் இதையும் வாசித்தேன். “சுடாதுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. ரத்தப் பிளாஸ்மாவுக்கு உங்களிடம் ‘திரவவிழையம்’ இருப்பதால் இந்தக் குழப்பம் உங்களுக்குக் குறைவு. ஆனால் நீங்கள் அயனியை ‘அயன்’ என்பீர்கள், ‘வளி’ என்றால் காற்று என்று கொள்வீர்கள். ஆர்கானுக்கு ‘வளி’ உறுத்துமா? ‘அயன்வாயு’ என்றால் எளிதாக இருக்குமா?