டாக்டர் - பேஷண்ட் காமெடி: ஊசியை விட்டா வேற என்ன இருக்கு?

மேடைப்பித்தன்:
பத்து நிமிஷ நாடகம். ஒரு டாக்டர், ஒரு பேஷண்ட், அவ்வளவுதான். புரியாத கையெழுத்து, ஊசிக்குப் பயந்து ஓடுறது, "ஆபரேஷன் சக்சஸ், ஆள் அவுட்" எல்லாம் அரைச்ச மாவு. கிளினிக்ல நிஜமா நடக்கிறதுல சிரிப்பு எங்க இருக்கு?

நாடித்துடிப்பு:
பிரஷர் பாக்குற காட்சி வைங்க. சட்டைக்கை மேலயே பட்டையைச் சுத்துறது, கால் மேல கால், ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு உட்கார்றது, நடுவுல பேசுறது. எல்லாமே ரீடிங்கை ஏத்திவிடும். பேச்சு மட்டுமே 10 பாயிண்ட் வரைக்கும் ஏத்தும். அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்த பிறகுதான் பாக்கணும். ஆனா பட்டையில காத்தடிச்சுக்கிட்டே "வீட்ல ஏதாவது டென்ஷனா?"ன்னு கேக்கிறதே டாக்டர்தான்! வீட்டுல 128 காட்டினவருக்கு இங்க 150. டாக்டரோட வெள்ளைக் கோட்டைப் பாத்தாலே ஏறுற பிரஷர்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. அதனாலதான் கிளினிக்ல 140/90ஐ எல்லையா வெச்சா, வீட்டு ரீடிங்குக்கு 135/85னு வெக்கிறாங்க. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறதால சண்டை சூடு பிடிக்கும்.

லேப் ரிப்போர்ட்:
சர்க்கரையை விட்டுட்டீங்களே. டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி ஸ்வீட்டை நிறுத்திட்டு, வெறும் வயித்துல 105னு ரிப்போர்ட்டைப் பெருமையா நீட்டுவாரு. அடுத்த வரியில, பழைய சர்க்கரையைக் காட்டிக் கொடுக்கிற எச்பிஏ1சி டெஸ்ட் 9னு இருக்கும், அது ரொம்ப அதிகம். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். அதுல ஒட்டின சர்க்கரை, ரெண்டு மூணு மாசத்துச் சராசரியைப் போட்டுக் கொடுத்துடும். டாக்டர் திட்டினா காட்சி செத்துடும். அமைதியா "ஒன்பது"ன்னு மட்டும் சொல்லட்டும். பேஷண்ட், "பத்துக்கா சார்?"

வெயிட்டிங்ஹால்:
1984ல பெக்மன், ஃபிராங்கெல்னு ரெண்டு பேர் கன்சல்டேஷன்களைப் பதிவு பண்ணிப் பாத்தாங்க. பேஷண்ட் பேச ஆரம்பிச்சு சராசரியா 18 வினாடியில டாக்டர் குறுக்கிட்டுட்டாராம். மேடையில 18 வினாடின்னா முப்பது, நாப்பது வார்த்தை. அதுக்குள்ள பேஷண்ட் வந்த பஸ், தூங்காத ராத்திரி, மச்சான் சொன்ன வைத்தியம் வரைக்கும் வரட்டும், முழங்கால் வலிக்கு வர்றதுக்குள்ள வெட்டுங்க.
சொல்லாம விட்டது வாசல்ல வந்து விழும். மருந்துச்சீட்டை மடிச்சு பையில வெச்சாச்சு, டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடிச்சாச்சு, கதவுப் பிடியில கை. அப்பதான்: "சார், படி ஏறினா நெஞ்சை லேசா அடைக்குது. அது ஒண்ணும் இல்லைல்ல?" இதைச் சாதாரணமாத்தான் கேக்கணும். முகத்துல கொஞ்சம் பயம் காட்டினாலும் சிரிப்பு போயிடும்.

மேடைப்பித்தன்:
அருமை! கதவை கடைசிக் காட்சியா வெச்சுக்கவா?

நாடித்துடிப்பு:
வேண்டாம். நெஞ்சடைப்புன்னு சொன்னவரை அனுப்பிட்டு திரையை மூடினா, கூட்டத்துல இருக்கிற டாக்டர்கள் எந்திரிச்சு வந்துடுவாங்க. நடுவுல வைங்க. டாக்டர் அவரைத் திரும்ப உட்கார வெச்சு இசிஜிக்கு எழுதட்டும். பிரஷர் காட்சியை அதுக்கப்புறம் போடுங்க, இப்ப ரெண்டு பேருக்கும் எகிறியிருக்கும்.