புதுப்பிப்பு: அப்பாவுக்கு ரெண்டாவது லுட்டீஷியம் டோஸும் முடிஞ்சுது

மொத டோஸுக்கு முன்னாடி பயந்துபோய் கேட்டிருந்தேன்ல, அப்பாவுக்கு கணையத்துல நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கற செல்கள்ல வர்ற ஒரு வகை புற்றுநோய்), கல்லீரலுக்கும் பரவிடுச்சு, லுட்டீஷியம் 177ங்கற கதிர்வீச்சு மருந்த ஏத்தலாமான்னு. நேத்து ரெண்டாவதும் போட்டாச்சு.

விடியக்காலம் 4 மணிக்கு காவேரிப்பட்டணத்துல கிளம்பியும் ஓசூர் தாண்டி ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டோம், அத விடுங்க. மருந்து இறங்க அரைமணி நேரம்தான், ஆனா கிட்னிய காப்பாத்த ஒரு அமினோ ஆசிட் ட்ரிப்ஸ் போடறாங்க பாருங்க, அது 4 மணி நேரம், போன தடவ அப்பா வாந்தி எடுத்தது அதுலதான், மருந்தால இல்லையாம். இந்தவாட்டி முன்னாடியே வாந்தி வராம இருக்க ஊசி போட்டதால தயிர்சோறு சாப்ட்டாரு.

ஒரு டோஸுக்கு 200 மில்லிகியூரி (கதிர்வீச்சு அளவு), 8 வாரத்துக்கு ஒருக்கா, மொத்தம் 4 டோஸ். ப்ளேட்லெட் கொஞ்சம் இறங்கிருக்கு, அடுத்த டோஸுக்கு முன்னாடி திரும்ப பாக்கணும்.

உடம்புல இன்னும் கதிர்வீச்சு இருக்கறதால இப்போதைக்கு அப்பா மாந்தோப்பு ரூம்ல தனியா. தங்கச்சி மாசமா இருக்கா, அதனால பாலக்கோட்டுக்கு அனுப்பிட்டோம். யூரின்ல கதிர்வீச்சு வெளியாகும்னு உக்காந்துதான் போகணும், ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணணும்னாங்க, நம்மது வாளிதான், ரெண்டு வாளி ஊத்தறாரு. பையன் கேட்டுக்கு வெளிய நின்னு "தாத்தா, நீ ராத்திரில மின்னுவியா"ன்னு கத்துறான், இவரு டார்ச்ச அடிச்சு காட்டறாரு.