வேலைக்கு நடுவே வந்து நின்ற வசனம்: உங்கள் தவக்கால அனுபவம் என்ன?

சாம்பல் புதன் போய், ஈஸ்டருக்கு முன்னால் ஞாயிறுகளை விட்டு எண்ணுகிற நாற்பது நாளில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பிரசங்கத்தில் கேட்டதை இங்கே எழுத வேண்டாம். கடையிலோ அடுப்படியிலோ பஸ்ஸிலோ இருக்கும்போது தானாக ஞாபகத்துக்கு வந்த வேதப் பகுதி எது, அன்றைக்கு என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள். தவக்காலம் என்பவர்களும் லெந்து என்பவர்களும் இங்கே ஒன்றுதான். சபையில் சாட்சி சொல்கிற கூட்டம் மாதிரி அலங்காரம் வேண்டாம், ப்ளீஸ்.

மாட்டுத்தாவணி பூக்கடை

காட்டுப்புஷ்பங்கள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை என்று மத்தேயு 6-இல் வரும். அதை ஆலயத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். மல்லிக்குக் கவாத்து வெட்டணும், மருந்தடிக்கணும், விடியும் முன்னே போய் மொட்டாகப் பறிக்கணும். உழைக்காமல் ஒரு கிலோ பூ இறங்காது. ஆனால் இரண்டு வசனம் தள்ளி, இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் போடப்படுகிற புல் என்று வருகிறது பாருங்கள், அது அப்படியே என் வியாபாரம். பங்குனி வெயிலில் வரத்து கூடினால் விலை விழும். மிஞ்சியது சென்ட் ஃபேக்டரிக்குப் போகும், அங்கேயும் போகாதது குப்பைக்கு. ஒரு நாள் ஆயுசு உள்ள பொருளை விற்றுக்கொண்டு அடுத்த வருஷத்தை நினைத்துக் கவலைப்படுகிற ஆள் நான். அந்த வசனம் என்னைத் திட்டுகிறதா, தட்டிக் கொடுக்கிறதா, இன்னும் பிடிபடவில்லை.

கீழவெளி வீதிப் பக்கம், இல்லத்தரசி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்தால் மரியன்னை பேராலயத்தில் சிலுவைப்பாதைக்குப் போவேன், இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நினைத்து ஜெபிப்பது. அது வியாகுல மாதா கோயில். அதனாலோ என்னவோ, இயேசு தாயைச் சந்திக்கிற நான்காம் நிலை வந்தாலே பக்கத்தில் இருக்கிற பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு என்னவோ சீமோன் என்பவர் இயேசுவின் சிலுவையைச் சுமக்கிற ஐந்தாம் நிலையில்தான் தொண்டை அடைக்கிறது.

மாமியாருக்குப் பக்கவாதம். படுக்கைதான். நாத்தனார் வெளியூர், கொழுந்தனுக்கு வேலை, ஆகவே நான். யாரும் என்னிடம் ‘நீ பார்த்துக்கொள்கிறாயா’ என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள், அவ்வளவுதான். கோயிலில் பார்க்கிறவர்கள் ‘நீ புண்ணியவதி’ என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை மாற்கு நற்செய்தியை வீட்டில் மெதுவாகப் படித்தேன். சீமோன் சீரேன் ஊர்க்காரர், இன்றைய லிபியாப் பக்கம். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தார், வழியில் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள். அன்போடு சுமந்தார் என்று மாற்கு எழுதவே இல்லை. ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட இல்லை. படைவீரனை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் நடந்திருப்பார் என்று தோன்றியது. அப்படி இருந்தாலும் பாரம் அவர் தோளில்தானே இருந்தது? ஆண்டவருக்கு அந்தக் கொஞ்ச தூரம் இலேசாகத்தானே இருந்திருக்கும்? படித்துவிட்டு எழுந்து போய் அத்தைக்குத் துணி மாற்றினேன். எரிச்சல் போகவில்லை. எரிச்சலோடு செய்தால் கணக்கில் வராது என்கிற பயம் மட்டும் போய்விட்டது.

இன்னொன்று. அலக்சாந்தர், ரூபு இவர்களின் தந்தை என்று மாற்கு பிள்ளைகள் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார். உரோமையர் திருமுகம் 16-இல் திருத்தூதர் பவுல் ரூபு என்று ஒருவருக்கு வாழ்த்துச் சொல்லி, ‘அவர் தாய் எனக்கும் தாய் போன்றவர்’ என்கிறார். அந்த ரூபுதான் இந்த ரூபு என்று நிறையப் பேர் கருதுகிறார்கள். அப்படியானால் அப்பா கட்டாயத்தில் சுமந்தார், அந்த வீட்டு அம்மா பவுலுக்கே சோறு போட்டிருப்பார். நம்மால் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொள்ள நல்ல விஷயம்.

புதூர் வாத்தியார்

நான் கிறிஸ்தவன் இல்லை, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மனப்பாட வசனம் இன்னும் நாக்கில் நிற்கிறது. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் லெந்து முழுக்க மத்தியானம் சாப்பிடுவதில்லை என்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. தலை வழிய எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, சிரித்த முகமாக வருவார். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்ற வசனம் சட்டென்று ஞாபகம் வந்தது. எங்களுக்கு விரதம் என்றால் மாலை, காவி வேட்டி, செருப்பில்லாத கால். அதிலும் ஒரு நன்மை உண்டு, மாலை போட்டவனுக்கு ஊரே வழிவிடும். இந்த டீச்சருக்கு யாரும் வழிவிடவில்லை, பசி நேரத்தில் கூடுதலாக ஒரு வகுப்பைத் தலையில் கட்டினோம். தெரிந்தால்தானே?

பசுமலை மேஸ்திரி

காலையில் நாங்கள் ஆள் பிடிக்கிற முக்கு ஒன்று இருக்கிறது. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் எல்லாரும் தூக்குவாளியோடு ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள். முதலில் எடுபடுவது இளவட்டம். எட்டு மணிக்கு மேல் நிற்பவர்கள் வயசானவர்கள், அல்லது கூடச் சின்னப் பிள்ளையைக் கூட்டி வந்த பொம்பிளைகள். பத்து மணிக்கு அவர்களும் கலைந்துவிடுவார்கள்.

மத்தேயு 20-இல் இயேசு சொல்கிற கதையில், கூலிக்கு ஆள் எடுக்கக் காலையிலிருந்து பல தடவை வருகிற திராட்சத்தோட்டத்து எஜமான் கடைசியாக வருவது பதினோராம் மணி வேளையில். நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து. ‘பகல்முழுதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன’ என்று கேட்கிறார். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். சின்ன வயசிலிருந்து இதைக் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களுக்கு என்றே கேட்டு வளர்ந்தேன். சபைப் போதகர்களான ஐயருமார் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். முக்கில் நின்று பார்த்தவனுக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அவர்கள் தாமதமாக வந்தவர்கள் இல்லையே, காலையிலிருந்து நின்றவர்கள். கல் சுமப்பதைவிட, யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்பதுதான் உடம்பை முறிக்கும். நானும் நின்றிருக்கிறேன்.

இந்த லெந்தில் ஒரு நாள் பூச்சுவேலைக்கு ஆள் பற்றாமல் மத்தியானம் போனேன். ஒரு பெரியவர் மட்டும் டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். கூட்டி வந்தேன். கலவை தூக்க முடியவில்லை, சல்லடை பிடித்தார், செங்கல் நனைத்தார். சனிக்கிழமை சம்பளம் போடும்போது அந்த நாளுக்கு அவருக்கு முழுக்கூலி கொடுத்தேன். கதையில் ஒரு வெள்ளிக்காசு, அதாவது அந்தக் காலத்தில் ஒரு ஆளின் நாள் கூலி, எஜமான் எல்லாருக்கும் கொடுத்தது அதுதான்.

மற்றவர்கள் அப்படியே 12-ஆம் வசனத்தில் வருகிறது போல முணுமுணுத்தார்கள். என் சொந்த மச்சினனே ‘அப்ப நாளைக்கு நானும் மத்தியானம் வாரேன் மாமா’ என்றான். எஜமானுக்கு இருந்த மாதிரி டக்கென்று பதில் எனக்கு இல்லை. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. பிந்தி வந்தவனுக்கு முந்திக் கொடு என்று காரியக்காரனிடம் சொன்னது எஜமானேதான். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சண்டையே கிடையாது, யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த மேஸ்திரியும் அப்படித்தான் செய்வான். அவர் எல்லாரும் பார்க்கட்டும் என்றே கொடுத்திருக்கிறார். எதற்கு என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மாட்டுத்தாவணி பூக்கடை

மேஸ்திரி அண்ணே, நல்லா இருக்கு. ஆனால் எல்லா வாரமும் இப்படிக் கொடுத்தால் காண்ட்ராக்ட் கட்டுமா?

பசுமலை மேஸ்திரி

கட்டாது தம்பி. அந்த எஜமானுக்குச் சொந்தத் தோட்டம், எனக்கு வீட்டுக்காரர் பணம். அன்றைக்குக் கொடுத்தது என் பங்கிலிருந்து. வாராவாரம் முடியாது.

புதூர் வாத்தியார்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓடு மாற்றணும். சின்ன வேலை, யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். அந்த முக்குக்கு எத்தனை மணிக்கு வந்தால் ஆள் கிடைக்கும்?

பசுமலை மேஸ்திரி

ஆறு மணிக்கு வராதீர்கள் சார், அவர்களுக்கு எப்படியும் வேலை கிடைத்துவிடும். ஒன்பதரைக்கு வாருங்கள்.