மனைவி ஸ்பொன்சர் விசாவில்: யூனிவேர்சல் கிறெடிற், கரண்ட் பில் உதவி கேட்கலாமா?

கேள்வி: கோண்டாவில்_கண்ணன், 6 ஒக்டோபர் 2025

உறவுக்காரத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 38, பிரிட்டிஷ் பாஸ்போட். கிழக்கு லண்டனில் ஒரு அறை பிளாற், மாத வாடகை 1,100 பவுண். மனைவி இந்த ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பொன்சரில் வந்தவர். பிள்ளைகள் இல்லை. தம்பிக்குப் போன மாதம் வேலை போய்விட்டது. மனைவி கடையொன்றில் பகுதிநேரமாக வேலை செய்கிறார், வரி போக மாதம் 600 வருகிறது. இருவருக்கும் சேர்த்து வங்கியில் 9,000 இருக்கிறது. ஊரில் மனைவியின் பெயரில் சீதன வீடு ஒன்று உண்டு, அதில் அவருடைய தாய் தகப்பன் இருக்கிறார்கள்.

தம்பிக்கு யூனிவேர்சல் கிறெடிற் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவி) கேட்க யோசனை. ஆனால் மனைவியின் விசாவில் பப்ளிக் பண்ட்ஸ் (அரசின் பொது நிதி உதவி) எடுக்கக்கூடாது என்று இருக்கிறது. "தனி ஆள் என்று போட்டு எடு, மனைவியைப் பற்றி வாயே திறக்காதே" என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியா? வீட்டில் கீ மீற்றர் (முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கும் மீற்றர்), கரண்ட் கணக்கு இன்னும் வீட்டுக்காரரின் பெயரில்தான். கரண்ட் பில்லில் குளிர்காலத்துக்குக் கொடுக்கும் 150 பவுண் கழிவு கிடைக்குமா?

—

பதில்: ஏட்டுச்சுரை

கண்ணன் அண்ணா, அந்த யோசனையைத் தம்பி கேட்கவே கூடாது. ஒரே வீட்டில் கணவன் மனைவியாக இருந்துகொண்டு தனி ஆள் என்று எழுதினால் அது பொய்யான தகவல். எடுத்த காசைத் திருப்பிக் கட்டுவதோடு மோசடி விசாரணையும் வரும். அது மனைவியின் அடுத்த விசாவையும் இழுத்து விழுத்தும். உண்மையைச் சொன்னால் மனைவிக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. யூனிவேர்சல் கிறெடிற்றில் ஜோடிக்கு 2025-26இல் மாத அடிப்படைத் தொகை 628.10 பவுண். 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்கு 400.14. ஜோடியில் ஒருவருக்குப் பப்ளிக் பண்ட்ஸ் தடை இருந்தால் மற்றவருக்குத் தனி ஆள் தொகை மட்டுமே கொடுப்பார்கள். மனைவியால் ஒரு பென்ஸ்கூடக் கூடவில்லை என்பதால், அவர் பொது நிதி எடுத்ததாகக் கணக்கில்லை. ஆனால் மனைவியின் சம்பளமும் சேமிப்பும் முழுக்கக் கணக்கில் வரும். இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். "எனக்குத்தானே காசு, அவளுடைய பேசிலிப் எதற்கு?" என்று விட்டுவிடுவார்கள். பிறகு வரிக் கணக்கிலிருந்து சம்பள விபரம் தானாக வந்து நிற்கும்.

தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400.14 உடன் வாடகை 1,100. அந்தப் பகுதிக்கு ஒரு அறை வீட்டுக்கான உச்ச வரம்பு அதைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,500.14. பிள்ளையோ, வேலை செய்ய முடியாத உடல்நிலை என்ற தீர்மானமோ இல்லாதவர்களுக்குச் சம்பளத்தில் விலக்கு கிடையாது. முதல் பவுணிலிருந்தே 55 வீதம் வெட்டுவார்கள். 600க்கு 330 போகும். சேமிப்பில் 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் 4.35 பவுண் கழியும், 9,000க்கு 52.20. மிச்சம் 1,117.94 பவுண்.

விண்ணப்பம் இணையத்தில். "துணையோடு இருக்கிறீர்களா" என்பதற்கு ஆம். ஜோடியில் ஒருவர் தொடங்கியதும் ஒரு இணைப்புக் கோட் வரும், அதைப் போட்டு மற்றவரும் தன் கணக்கைத் திறந்து சேர்க்க வேண்டும். குடியுரிமைக் கேள்வியில் மனைவியின் விசா நிலையை உள்ளபடி எழுதி, அவருடைய ஈ-விசா கணக்கில் ஷெயார் கோட் (விசா நிலையை மற்றவர் பார்க்க உதவும் குறியீடு) எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வேலையாக ஜேர்னலில் (இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கத்தில்), மனைவிக்குப் பப்ளிக் பண்ட்ஸ் தடை உண்டு, தனி ஆள் தொகையே தரவேண்டும் என்று எழுதிவிடட்டும். யாராவது தவறிப்போய் 628.10 போட்டால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும். அந்த மேலதிகம்தான் விசாவுக்கு ஆபத்து.

இன்னொன்று. கடைசிச் சம்பளம் இன்னும் வர இருந்தால், அது கைக்கு வந்த அடுத்த நாள் விண்ணப்பம் போடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தச் சம்பளம் முதல் மாதக் கணக்குக்குள் விழுந்து முதல் கொடுப்பனவை விழுங்கிவிடும். ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் இன்றே போடட்டும். முதல் காசு வர 5 கிழமை ஆகும். இடையில் அட்வான்ஸ் கேட்கலாம், 24 மாதத்துக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

—

பதில்: காணி_உறுதி

பணத்தில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், காணி வீட்டை மறந்துவிடுவார்கள். வெளிநாட்டுச் சொத்தும் சேமிப்புக் கணக்கில் சேரும். இருவருக்கும் சேர்த்து 16,000 தாண்டினால் யூனிவேர்சல் கிறெடிற் இல்லை. ஜோடி என்பதற்காக அந்த வரம்பு இரட்டிப்பாகாது.

சீதன வீட்டுக்கு ஒரு வழி உண்டு. நெருங்கிய உறவினர் அதைத் தங்கள் ஒரே வீடாகவோ முக்கிய வீடாகவோ வைத்துக் குடியிருந்து, அவர் பிரிட்டனின் ஓய்வூதிய வயதை எட்டியிருந்தால், அந்த வீடு கணக்கில் வராது. அந்த வயது 2025இல் 66. மனைவியின் தாய் தகப்பனில் ஒருவருக்கு அந்த வயது ஆகியிருந்தால் பிரச்சினை தீர்ந்தது. கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், உறுதி மூன்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேட்டபிறகு ஊருக்குச் சொல்லி எடுப்பதற்குள் கொடுப்பனவு நின்றுவிடும்.

இருவருக்கும் அந்த வயது ஆகவில்லை என்றால் பொதுவாக வீட்டின் சந்தை விலையைப் போடுவார்கள். விற்கும் செலவுக்கு 10 வீதமும், வீட்டின்மேல் கடன் இருந்தால் அதுவும் கழியும். யாழ்ப்பாண விலைக்கு 16,000 பவுண் என்பது எட்டாத தொகையல்ல. அவசரத்தில் மனைவியின் தம்பி பெயருக்கோ தங்கச்சி பெயருக்கோ மாற்றி எழுதக்கூடாது. உதவி எடுப்பதற்காகக் கைமாற்றியது என்று கண்டால் சொத்து இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி இவையெல்லாம் சொந்தப் பாவனைப் பொருட்கள், அவற்றைச் சேர்ப்பதில்லை.

வீட்டால் விண்ணப்பம் தள்ளுபடியானாலும் தம்பி வெறுங்கையோடு நிற்கத் தேவையில்லை. நியூ ஸ்ரைல் ஜேஎஸ்ஏ (வேலை தேடுவோருக்கான கொடுப்பனவு) என்று ஒன்று இருக்கிறது. கடந்த 2, 3 வருடத்தில் சம்பளத்திலிருந்து நஷனல் இன்சூரன்ஸ் (சமூகக் காப்புறுதிப் பணம்) போதியளவு கட்டியிருந்தால் 2025-26இல் கிழமைக்கு 92.05 பவுண், 182 நாள் வரை. சேமிப்பு, வீடு, மனைவியின் சம்பளம் எதையும் பார்க்கமாட்டார்கள். கட்டிய காசுக்கான உரிமை என்பதால் பப்ளிக் பண்ட்ஸிலும் சேராது. யூனிவேர்சல் கிறெடிற்றும் கிடைத்தால் இந்தத் தொகையை அப்படியே அதிலிருந்து கழிப்பார்கள். இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி, ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது.

—

பதில்: மீற்றர்_பெட்டி

150 பவுண் வோம் ஹோம் டிஸ்கவுண்ட் பற்றிச் சொல்கிறேன். 2025-26 குளிர்காலத்துக்குத் தகுதி நாள் 2025 ஓகஸ்ட் 24. அன்றைக்கு உதவி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி அதற்குப் பிறகுதான் விண்ணப்பிக்கிறார் என்பதால் இந்த முறை இல்லை. இப்போது கரண்ட் கணக்கை ஒழுங்கு பண்ணிவைத்தால் அடுத்த குளிர்காலத்துக்குப் பிரயோசனப்படும். முன்பு இருந்த "வீட்டின் எரிபொருள் செலவு அதிகமாக இருக்கவேண்டும்" என்ற நிபந்தனை இங்கிலாந்து, வேல்ஸில் 2025இலிருந்து எடுபட்டுவிட்டது. யூனிவேர்சல் கிறெடிற் எடுப்பதே போதும்.

தகுதி இருந்தும் பலருக்குக் கிடைக்காமல் போவது பெயரால்தான். தகுதி நாளில் கரண்ட் கணக்கு உதவி எடுப்பவரின் பெயரிலோ அவருடைய துணையின் பெயரிலோ இருக்கவேண்டும். வீட்டுக்காரர், அண்ணன், முன்பு இருந்தவர் என்று யார் பெயரில் இருந்தாலும் பொருந்தாது. காஸ் கணக்கு மட்டும் பெயரில் இருந்தும் பலனில்லை.

மாற்றுவது சுலபம். மீற்றரின் இலக்கத்தையும் ரீடிங்கையும் திகதியோடு படம் எடுத்து, வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போதைய கம்பனிக்கு அழைத்து "குடியிருப்பவர் நான், கணக்கை என் பெயருக்கு மாற்றுங்கள்" என்று சொல்லவேண்டும். கணக்கில் இருவரின் பெயரையும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தன் கணக்கிலிருந்து கரண்ட் கொடுத்துக் காசு வாங்குபவராக இருந்தால், தான் கட்டும் அலகு விலைக்கு மேல் அவர் அறவிட முடியாது. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கீ மீற்றரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. முன்பு இருந்தவரின் கடன் அந்த மீற்றரில் ஏறியிருக்கும். புதுக் கணக்கும் புதுக் கீயும் வரும்வரை ஒவ்வொரு ரொப்-அப்பிலும் அந்தக் கடன் வெட்டுப்படும். "கடனை நீக்குங்கள், வெட்டியதைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். சொந்தக் கடனாக இருந்தால் கிழமைக்கு எவ்வளவு வெட்டுவது என்பதைக் குறைக்கச் சொல்லலாம். கட்டக்கூடிய அளவைப் பார்த்து நிர்ணயிப்பது கம்பனியின் கடமை, வரவு செலவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதையுங்கள். காஸும் கீ அல்லது காட் (அட்டை) மீற்றர் என்றால், கோடையில் ஹீற்றர் போடாத மாதங்களிலும் நாளாந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒக்டோபரில் போடும் முதல் 20 பவுணை அதுவே தின்றுவிடும். கோடையிலும் கிழமைக்குக் கொஞ்சம் போட்டுவரவேண்டும்.

—

கோண்டாவில்_கண்ணன்

மிகவும் நன்றி. கவுன்சில் ராக்ஸ் (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) குறைப்புக்கும் இதே விண்ணப்பம் போதுமா? மற்றது, இந்த உதவி எடுத்தால் மனைவியின் விசா நீட்டிப்புக்கு இடைஞ்சலா?

—

பதில்: ஏட்டுச்சுரை

போதாது. கவுன்சில் ராக்ஸ் குறைப்புக்குக் கவுன்சிலின் இணையத்தளத்தில் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். தம்பி இதுவரை தனி ஆள் என்று 25 வீதக் கழிவு எடுத்துவந்தால், மனைவி வந்த திகதியிலிருந்து அது நிற்கும், உடனே அறிவிக்கட்டும். இந்தக் குறைப்பு பப்ளிக் பண்ட்ஸ் பட்டியலில் உள்ளது. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு கணக்கு முறை, சில இடங்களில் ஜோடி என்று கணித்துத் தொகையைக் கூட்டிவிடுவார்கள். விண்ணப்பத்தைத் தம்பியின் பெயரில் மட்டும் போட்டு, போடுமுன் அந்தக் கவுன்சில் எப்படிக் கணிக்கிறது என்று பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் காட்டுவது பாதுகாப்பு. கவுன்சிலின் அவசர உதவிக் காசுக்கும் இதே கவனம் வேண்டும். பூட் பாங்க், எரிபொருள் கம்பனிகளின் அறக்கட்டளை நிதி போன்றவை பொது நிதி அல்ல, அங்கே தயங்கத் தேவையில்லை.

நீட்டிப்புக்கு உதவி எடுத்தது தடையல்ல, வருமானம்தான் தடையாகும். 2024 ஏப்ரல் 11இலோ அதற்குப் பிறகோ முதல் விண்ணப்பம் போட்டவர்களுக்கு வருடம் 29,000 பவுண் காட்டவேண்டும், யூனிவேர்சல் கிறெடிற் அதில் சேராது. நீட்டிப்பின்போது மனைவி இங்கே உழைப்பதையும் தம்பியின் சம்பளத்தோடு கூட்டலாம். ஒரே வேலையில் 6 மாதப் பேசிலிப்பும் அதே காசு விழுந்த வங்கிப் பதிவும் கேட்பார்கள். முதல் விசா 33 மாதம் என்றால் 2027 இறுதியிலோ 2028 தொடக்கத்திலோ முடியும். அதற்கு 6, 7 மாதம் முன்பே இருவரின் சம்பளமும் சேர்ந்து அந்தத் தொகைக்கு வந்திருக்க வேண்டும். கடைச் சம்பளம் கையில் காசாக வருவதென்றால் இன்றே வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

—

பதில்: காணி_உறுதி

வயதான ஜோடிகளும் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு குறிப்பு. கணவருக்கு 69, மனைவிக்கு 63 என்றால், 2019 மே 15இலிருந்து புதிதாகக் கேட்பவர்களுக்கு பென்சன் கிறெடிற் (ஓய்வூதிய வயதினருக்கான வருமான உதவி) இல்லை, இளையவருக்கு ஓய்வூதிய வயது வரும்வரை யூனிவேர்சல் கிறெடிற்தான். வித்தியாசம் பெரிது: 2025-26இல் ஜோடிக்கு பென்சன் கிறெடிற் கிழமைக்கு 346.60 வரை, யூனிவேர்சல் கிறெடிற் மாதத்துக்கே 628.10, வாடகை வேறு. பழைய நாளிலிருந்து பென்சன் கிறெடிற் எடுத்துவருபவர்கள் அதை இடையில் நிறுத்தவே கூடாது, விட்டால் திரும்ப எடுக்க இளையவருக்கு வயது வரவேண்டும். ஊருக்கு 4 கிழமைக்கு மேல் போனால் அது நிற்கக்கூடும், ரிக்கற் போடுமுன் 0800 731 0469க்கு அழைத்துக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் இணைப்பார்கள்.