1518 நடனக் கொள்ளைநோய் மாதிரி வேறு சம்பவங்கள் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வாசிப்பு வட்டத்துல அடுத்த மாசம் "வரலாற்றில் விநோதங்கள்"னு பேசணும். முதல் கதை ரெடி.

1518 ஜூலை, இன்றைய பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரம். ட்ரோஃபியா என்ற பெண் தெருவில் இறங்கி ஆட ஆரம்பிக்கிறாள். நிறுத்த முடியவில்லை. ஒரு வாரத்தில் முப்பதுக்கும் மேல், ஆகஸ்டுக்குள் சுமார் 400 பேர்! மருத்துவர்கள் "ரத்தச் சூடு, ஆடித் தீர்க்கட்டும்" என்றதும் நகர மன்றம் மேடை போட்டு, மேளக்காரர், குழல்காரரைக் கூலிக்கு அமர்த்தியது. (நம்ம ஊர் நிர்வாகமே தேவலாம்.) கூட்டம் இன்னும் பெருத்தது. கடைசியில், ஆட்ட நோய்க்குரிய புனிதராக நம்பப்பட்ட விட்டஸின் ஆலயத்துக்குக் கூட்டிப்போய்ச் சிவப்புக் காலணி மாட்டிவிட்டார்கள்.

கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சைதான் காரணம் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை, அந்த விஷம் ஏறினால் கை கால் இழுத்துக்கொள்ளும், நாள்கணக்கில் ஆட முடியாது. பஞ்சமும் நோயும் தந்த மன அழுத்தம் என்பதே பொருந்துகிறது.

1962இல் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில் (இன்றைய தான்சானியா) பள்ளி மாணவிகளைப் பிடித்த சிரிப்பும் கைவசம் இருக்கு. இதுபோல ஆவண ஆதாரம் உள்ள, முடிந்தால் ஆசியாவில் நடந்த சம்பவம் தெரிந்தால் சொல்லுங்களேன். பேய் பங்களா கதை வேண்டாம், ப்ளீஸ்!